ஐஸ் கம்பெனித் தெருவின் ஒற்றைப் பூனை

தூத்துக்குடியில், ஐஸ் கம்பெனி மூடிப்போய் வெகுகாலம் ஆன பிறகும் ஐஸ் கம்பெனித் தெரு என்றே வழங்கிய ஒரு தெருவில் ஒரு பூனை இருந்தது. அது ஒரே சமயத்தில் மூன்று வீடுகளில் இருந்தது.

யாருக்கும் தெரியாமல்தான் இது நெடுநாள் நடந்துகொண்டிருந்தது. தெருவின் கிழக்குக் கோடியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த டெல்பின், தன்னிடம் கேப்டன் என்று ஒரு பூனை இருப்பதாகவும், அதைப்போல ஒரு போக்கிரி இந்தக் கடற்கரையில் பிறந்ததில்லை என்றும் நினைத்திருந்தாள். கேப்டன் கடை வாசலில் உட்கார்ந்தால் நாய்கள் எதிர்ப்பக்கமாகப் போகும். அது கருவாட்டைத் தொடாது, புதுச் சாளையின் தலையை மட்டும் தின்னும், அளவுக்கு மீறிப் பேரம் பேசுகிறவர்களின் கணுக்காலைக் கடிக்கும். தெருவின் நடுவில் குடியிருந்த கணக்கு டீச்சர் சிவகாமசுந்தரி, தன்னிடம் கற்பகம் என்று ஒரு பூனை இருப்பதாக நினைத்திருந்தார். கற்பகம் தயிர்ச்சோறு தவிர வேறெதையும் முகர்ந்தும் பார்க்காது, கழுவாத கிண்ணத்தில் வாய் வைக்காது, குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், பரீட்சை விடைத்தாள்களைப் பரப்பி வைத்தால் எந்தப் பிள்ளை தேறாதோ அந்தப் பிள்ளையின் தாளைத் தேடிப்பிடித்து அதன்மேல் படுத்துக்கொள்ளும். மேற்குப் பக்கம் தையல்கடை வைத்திருந்த காஜா முகைதீன் பாய், தன்னிடம் சுல்தான் என்று ஒரு சோம்பேறி இருப்பதாக நினைத்திருந்தார். கடையில் எத்தனை துணி கிடந்தாலும் அன்றைக்குக் கொடுத்தாகவேண்டிய துணி எதுவோ அதன்மேல்தான் சுல்தான் தூங்கும், எழுப்பினால் டேப்பை இழுத்துக்கொண்டு போய் மிஷினுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முறைக்கும்.

மூன்றும் சாம்பல் நிறம், மூன்றுக்கும் இடது காது மட்டும் வெள்ளை, மூன்றுக்கும் வால் நுனி கேள்விக்குறிபோல வளைந்திருந்தது. இருந்தாலும் குணம் இத்தனை வேறாக இருக்கையில் ஒன்றாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பங்குனி மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் போட்டார்கள். டீச்சர் ஒயர்கூடையிலும், பாய் துணிப்பையிலும், டெல்பின் மீன்கூடையைக் கவிழ்த்து மூடியும் தங்கள் பூனைகளைக் கொண்டுபோய் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றது டீச்சர். கால்நடை டாக்டரம்மா கற்பகத்தின் பின்தொடையில் ஊசியை ஏற்றியதும், பாயின் பைக்குள்ளிருந்தும் டெல்பினின் கூடைக்குள்ளிருந்தும் அதே குரலில் அதே நீளத்துக்கு ஓர் அலறல் கேட்டது. டாக்டரம்மா மூன்றையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். மூன்று தொடையிலும் ஒரே இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. பஞ்சை எடுத்து ஒன்றைத் துடைத்தார். மற்ற இரண்டும் சுத்தமாயின.

"இது ஒரே பூனைதாங்க," என்றார் டாக்டரம்மா. "ஒரு ஊசி போதும். அடுத்த ஆள் வாங்க."

"அப்ப இது யாருக்க பூனை?" என்று கேட்டாள் டெல்பின்.

"அதை நீங்கதான் பேசி முடிக்கணும். பெண் பூனை. அது மட்டும் எனக்குத் தெரியும்."

பெண் என்று தெரிந்த பிறகும் கேப்டனும் சுல்தானும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. மூவரும் மூன்று பூனைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசாமல் தெருவரைக்கும் நடந்து வந்தார்கள். மனசுக்குள் ஒவ்வொருவரும் மற்ற இரண்டு வீட்டிலும் இருப்பது தன் பூனையின் நிழல் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள்.

தெரு அதிசயப்பட்டது ஒரு வாரம் இருக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் வரும் நேரம், மின்சாரம் போகும் நேரம் மாதிரி இதுவும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகிவிட்டது. ஒருத்தி தன் மோதிரத்தைக் கற்பகத்தின் கழுத்தில் கட்டிப் பார்த்தாள். அந்த நொடியே மோதிரம் கேப்டன் கழுத்திலும் சுல்தான் கழுத்திலும் மின்னியது. ஆனால் ஒரு வீட்டில் அவிழ்த்ததும் மற்ற இரண்டு கழுத்தும் வெறுமையாகிவிட்டன. பூனை ஒன்று என்றால் மோதிரமும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பூனைமேல் இருந்த மரியாதை போய்விட்டது.

மிச்சம் இருந்தது மூன்று வீட்டுச் சச்சரவு. டெல்பின் கேப்டனைக் குளிப்பாட்டினால், பாயின் கடையில் கல்யாணப் பட்டு ரவிக்கையின்மேல் தூங்கிக்கொண்டிருந்த சுல்தான் சொட்டச்சொட்ட நனைந்தது. பாய் ஒரு தடவை அத்தர் தடவிவிட்டதற்கு, கேப்டனைப் பார்த்து நாய்கள் பயப்படாமல் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தன. எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டுப் பிரச்சினை. ஒரு சாயங்காலம் டீச்சரே கருவாட்டுக் கடைக்கு வந்தார். மூக்கைச் சேலை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தார்.

"டெல்பின், மத்தியானம் நீ குடுக்குற மீனு சாயங்காலம் என் கற்பகம் வாயில மணக்குது. அது பூஜை ரூம்ல வந்து கொட்டாவி விடுது."

"நான் என்ன செய்ய டீச்சர்? நீங்க ஊட்டுற தயிரு என் கேப்டனைச் சாதுவாக்கிட்டு. நேத்து ஒரு நாய் கடைக்குள்ள வந்து வாளைக் கருவாட்டைக் கவ்விக்கிட்டுப் போவுது, இது சும்மா பாத்துக்கிட்டே இருக்கு. இதை நான் யார்ட்டப் போய்ச் சொல்ல?"

பாய் நடுவில் வந்து சமாதானம் செய்தார். டீச்சருக்குப் பிரதோஷம், கார்த்திகை. டெல்பினுக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள். இந்த நாட்களில் பூனைக்கு மீன் கிடையாது என்று முடிவாயிற்று. நோன்பு மாதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, நோன்பு மனுஷனுக்குத்தான் கடமை, சுல்தானை அதில் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூனை இந்த ஒப்பந்தம் எதையும் மதிக்கவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்காக மூன்று பேரும் தினமும் யாராவது ஒருவர் வாசலில் நின்றார்கள். அதற்கு முன்னால் வருஷக்கணக்காக ஒரே தெருவில் இருந்தும் அவர்கள் அப்படி நின்றதில்லை.

அந்தத் தெருவில் இவர்களோடு, ஏன், யாரோடும் பேசாத ஒரு மனிதர் இருந்தார். கிரேன் ரத்தினவேல் என்று பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து கீழே போகிறவர்களின் தப்பைப் பார்த்தே பழகிவிட்டதாலோ என்னவோ, மனைவி போய்ச்சேர்ந்த பிறகு புகார் எழுதுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டார். டெல்பினின் கூடைகள் நடைபாதையில் இருப்பதாக எழுதி, அவற்றை அள்ளிக்கொண்டு போகவைத்தார். டீச்சர் வீட்டு டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வதாக எழுதினார். பாயின் மிஷின் சத்தம் தன் சுவரில் அதிர்வதாக எழுதினார். பூனை விஷயம் தெரிந்ததும், ஒரே பூனை மூன்று கதவு எண்களில் வசிப்பது முறையல்ல என்று மாநகராட்சிக்கு எழுதினார். அதை விசாரிக்க வந்த அதிகாரி மூன்று வீட்டிலும் பூனையைப் பார்த்து, மூன்று வீட்டிலும் டீ குடித்து, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, பாயிடம் ஒரு பேன்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனி மாதத்தில் ஒரு காலை டீச்சர் எழுந்து பார்த்தபோது, கற்பகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் படுத்திருந்தது.

கால்களை மடக்கி, வயிறு பதிய, எதன்மேலோ சாய்ந்து படுத்திருப்பதுபோல இருந்தது. அடியில் கையை விட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. பூனை மெதுவாக மேலே எழும்பி மெதுவாகக் கீழே இறங்கியது, திரும்ப எழும்பி இறங்கியது. தயிர்ச்சோற்றைக் காட்டினார்; கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. அதற்குள் டெல்பின் கையில் சாளைத் தலையோடு ஓடிவந்தாள், பாய் காதில் பென்சிலோடு வந்தார். மூன்று வீட்டிலும் இதே கதை. எந்நாளும் வீட்டுக்கு ஒரு குணமாக இருந்த பூனை அன்று மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. பாயின் கடையில் துணி வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஒருவர் அதற்கு முன்னால் சூடம் ஏற்றலாமா என்று கேட்டார்.

டீச்சர் வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு தன் கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பாய், இது மூச்சு," என்றார். "யாரோ மல்லாக்கப் படுத்திருக்காங்க. இது அவங்க நெஞ்சுமேல படுத்திருக்கு. அதான் ஏறி இறங்குது."

"நம்ம மூணு பேரும் இங்கனதான நிக்கோம்," என்றாள் டெல்பின்.

"அப்ப நாலாவது வீடு ஒண்ணு இருக்கு."

பூனை இறங்கியது. எழும்புவதற்கு நேரமாயிற்று. மூன்று பேரும் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது எழும்பிய பிறகுதான் விட்டார்கள்.

யோசனை டெல்பினுக்குத்தான் வந்தது. டீச்சர் சின்ன வயதில் பரதம் ஆடிய சலங்கையிலிருந்து ஒரு முத்துக்கோவையைப் பிய்த்துப் பூனையின் கழுத்தில் கட்டினார்கள். டீச்சர் வீட்டில் உட்கார்ந்து அதைக் குலுக்கிக்கொண்டே இருக்க, டெல்பினும் பாயும் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் காதை வைத்துக்கொண்டு போனார்கள். டெல்பின் வீட்டில் சலங்கை ஒலித்தது, பாய் கடையில் ஒலித்தது, மற்ற வீடுகளில் குழந்தை அழுகையும் தாளிக்கிற சத்தமும் கேட்டன. கடைசியில், பச்சைப் பெயின்ட் அடித்து உள்ளே தாழிட்ட ஒரு தேக்குக் கதவுக்குப் பின்னால், சலங்கை மெல்லக் குலுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கிரேன் அண்ணாச்சி வீடுல்லா," என்றாள் டெல்பின். "பூனை மேலயே புகார் எழுதிப்போட்ட மனுஷன்." கதவைத் தட்டினாள். பதில் இல்லை. "உடைச்சா நம்ம மேல புகார் எழுதுவாரு பாய்."

"எழுதட்டும்," என்றார் பாய். "எழுதுறதுக்கு அவர் உசுரோட இருக்கணும்லா."

டெல்பின் ஒரு நொடி நின்றாள். தன் கூடைகளை அள்ளிக்கொண்டு போன வண்டி அவள் நினைவுக்கு வந்திருக்கலாம். பிறகு கடைக்கு ஓடி, ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்துவந்து தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓங்கிப் போட்டாள். இரண்டாவது போடுக்குக் கதவு விட்டது.

ரத்தினவேல் அடுக்களைத் தரையில் மல்லாந்து கிடந்தார். முந்தின நாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கத்தத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறார். அவர் நெஞ்சின்மேல் இடது காது வெளுத்த பூனை, கழுத்தில் டீச்சரின் சலங்கையோடு படுத்திருந்தது. மூலையில் ஒரு சுத்தமான தட்டும், அதில் ஆறிப்போன முட்டைக் கலக்கியும் இருந்தன. அவர் கண்ணைத் திறந்து டெல்பினைப் பார்த்தார், கையிலிருந்த கட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"பர்மா தேக்கு," என்றார், காற்றுபோன குரலில். "நூறு வருஷம் வந்திருக்கும்."

"பேசாம இருங்க அண்ணாச்சி."

"பூனையை மொத எடுங்க. நேத்துலேருந்து ஒண்ணும் திங்கலை அது. சொன்னாலும் எறங்க மாட்டேங்கு."

டெல்பினின் ஐஸ்பெட்டிகள் ஏற்றும் ஆட்டோவில் பலகை போட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மேடுபள்ளத்தைக் கவனித்து ஓட்டும்படி அவர் டிரைவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். பூனை அவரோடு போகவில்லை. மூன்று வீட்டிலும் இறங்கி, மூன்று கிண்ணத்தையும் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுத் தூங்கியது. நாலாவது கிண்ணத்தில் முட்டைக் கலக்கியைச் செய்து வைத்தது டீச்சர். அதற்கென்று ஒரு சட்டி வாங்கி, கொல்லையில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். டெல்பின் மீன்குழம்பு கொண்டுபோனாள், டீச்சர் மோர்க்குழம்பு கொண்டுபோனார், பாயின் மனைவி சபுரா கஞ்சி கொடுத்துவிட்டாள். ரத்தினவேல் எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஒருநாள் பாய் அவரிடம் கேட்டார்.

"அந்தப் பூனைக்கு நீங்க என்ன பேரு வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"பேரெல்லாம் எதுக்கு? 'வே'ன்னு கூப்பிடுவேன். வரும்."

"உங்க வீட்டுல அது எப்படி?"

ரத்தினவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேசிக்கிட்டே இருக்கும்," என்றார். "நான் எழுதுறதை வாசிச்சுக் காட்டினா, வரிக்கு வரி பதில் சொல்லும். ஒத்துக்கிடவே ஒத்துக்கிடாது."

இது மூன்று பேருக்கும் புதுச் செய்தி. தங்கள் வீட்டில் அது வாய் திறந்து இரண்டு முறைக்கு மேல் கத்தியதே இல்லை.

அவர் மகள் புஷ்பகலா ஓசூரிலிருந்து வந்தாள். இனி தனியாக விட முடியாது என்று சொல்லி, இடுப்பில் தகடு வைத்த அப்பாவையும், கூடையில் பூனையையும் ரயிலேற்றினாள். டெல்பினுக்கும் டீச்சருக்கும் பாய்க்கும் பூனையைக் கொடுப்பதில் கஷ்டம் இல்லை. அது போயும் போகாமல் இருந்தது. கஷ்டம் வேறாக இருந்தது. பச்சைக் கதவுக்குப் பூட்டுப் போட்டபோது, புகார் வராத தெருவில் எப்படி நடப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டெல்பின் கூடைகளைத் திரும்ப நடைபாதையில் வைத்தாள். ஏனோ இரண்டே நாளில் தானே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஓசூர்க் குளிர் பூனை வழியாகத் தூத்துக்குடிக்கு வந்தது. வெயில் ஊரைப் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று வீட்டிலும் பூனை வெடவெடவென்று நடுங்கியது, தோசைக்கல் ஆறுவதற்குள் அடுப்புமேடையில் ஏறிப் படுத்தது. குளிராவது போகட்டும், அது சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தது. கேப்டன் நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. கற்பகம் தேறாத பிள்ளைகளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தது. கொடுக்கவேண்டிய துணியையெல்லாம் பாய் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நாளில் கொடுத்தார்; அது அவருக்குச் சந்தோஷமாக இல்லை.

டீச்சர் ஓசூருக்குப் போன் செய்தார்.

"அப்பா நல்லா நடக்குறாங்க டீச்சர்," என்றாள் புஷ்பகலா. "ஆனா யார்கிட்டயும் சண்டை போடலை. மாடி வீட்டுல நாளெல்லாம் சுவத்துல துளை போடுறாங்க, ஒரு வார்த்தை சொல்லலை. நேத்து சாம்பார்ல உப்பே போடலை நான், பேசாம சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

பாய் குளிரை மட்டும் நினைத்து, ஒரு பள்ளிக்கூட ஸ்வெட்டரை வெட்டி, பூனைக்கு அளவெடுத்து நாலு கை வைத்து ஒரு சட்டை தைத்தார். மிச்சத் துணி போதாததால் மூன்று கை நீலமும் ஒரு கை ஆரஞ்சுமாக அமைந்துவிட்டது. சுல்தானுக்கு அதை மாட்டிவிட்ட சிறிது நேரத்தில் கடை போன் அடித்தது.

"வே பாய். என் பூனைக்குச் சட்டை போட்டது நீருதான?"

"ஆமா அண்ணாச்சி."

"கண்ணு தெரியுமாவே உமக்கு? ஒரு கை ஆரஞ்சு. இந்த ஊரு ஜனம் பாத்துச் சிரிக்குது. கக்கத்துல வேற பிடிக்குது, அது நடக்க முடியாம நொண்டுது. இப்பவே பிரிச்சுத் தையும். நான் லைன்லயே இருக்கேன்."

பாய் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தையலைப் பிரித்தார். இன்னும் அரை இன்ச், இன்னும் கொஞ்சம், ஆங், அங்க விடும் என்று ஓசூரிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. குரலில் பழைய காரம் ஏறியிருந்தது. வேலை முடிந்தபோது சுல்தான் சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்து, பாயின் டேப்பைக் கவ்விக்கொண்டு போயிற்று.

பாய் கடையைச் சாத்திவிட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். டெல்பினையும் கூப்பிட்டு விட்டார்கள். பேச்சு நீளவில்லை.

மறுநாள் டீச்சர் கற்பகத்தின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் ஓசூரிலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. அதற்கு மறுநாள் டெல்பின் கேப்டனின் வாலில் மீன்வலை நூலால் குஞ்சம் கட்டினாள். அவளிடம் அவர் அரைமணி நேரம் பேசினார், பேச்சு குஞ்சத்தில் தொடங்கி, கூடைகளுக்குப் போய், அவள் மீன்குழம்பில் புளி அதிகம் என்பதில் முடிந்தது. பாய் பூனையின் மீசைக்கு மருதாணி பூசினார். டீச்சர் அதன் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி அதில் வேண்டுமென்றே பெருக்கலைத் தப்பாக எழுதினார். பூனை இந்த அலங்காரத்தையெல்லாம் பொறுமையாக ஏற்றுக்கொண்டது. அதன் குணத்தை அறிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். ரத்தினவேல் மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு புகார் எழுதிவிட்டதாக, அழுகிற மாதிரியான சந்தோஷத்தில் புஷ்பகலா சொன்னாள்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்திருந்த ஒரு காலையில், டெல்பின் கடை திறந்து கேப்டனைத் தூக்கினாள். அதன் பதினெட்டு நகங்களிலும் ரோஸ் கலர் நகப்பூச்சு பளபளத்தது. அதற்கு மேலே ஒவ்வொன்றிலும் வெள்ளையாகப் புள்ளி வைத்திருந்தது. வாசலில் நின்ற நாய் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. டீச்சர் குடையோடு வந்தார், பாய் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்தார்; மூன்று பேருமே அதைச் செய்யவில்லை.

டெல்பின் போனை எடுத்து ஓசூருக்கு அடித்தாள். அவள் யார்மேலும் புகார் சொல்லிப் பழகியவள் இல்லை, அதனால் கொஞ்சம் உரக்கவே ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க? எங்க கேப்டன் இனி எப்படி இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்கும்? யாரு போட்டது இந்தச் சாயத்தை?"

அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது, பேத்தியாக இருக்கவேண்டும். பிறகு ரத்தினவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து பேசியபோது எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது அவர் குரல்.

"வாயால சொன்னாச் செல்லாது டெல்பின்," என்றார். "எழுத்துல குடு."